பழைய கேனன் எஸ்95-ஐ விட்டுப் புது கேமரா வாங்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 2011-ல் வாங்கிய கேனன் பவர்ஷாட் எஸ்95 உங்களிடம் இருக்கிறது. தூத்துக்குடியில் வீட்டிலும் ஊர்சுற்றும்போதும் எடுக்கிற படங்களில் உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சியில் எடுத்தவை மட்டும் கலங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் வருகின்றன. நண்பர்கள் போனே போதும் என்கிறார்கள், கடையில் புது மாடலைக் காட்டுகிறார்கள், உங்களுக்கோ இதை விட மனமில்லை. "எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் உண்மையில் நீங்கள் கேட்பது வேறு இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன். மேடைப் படங்கள் கெடுவதற்குக் கேமராவின் வயதுதான் காரணமா? புதுசு வாங்கினால் இதில் பிடித்திருந்தது கையைவிட்டுப் போய்விடுமா? இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் மூன்றாவது தானாக வந்துவிடும்.

சின்ன கேமராக்களைப் பிரித்துச் சரிசெய்வது பல வருஷமாக என் தொழில். நடுவில் கல்யாணம், அரங்கேற்றம் என்று படமும் எடுத்திருக்கிறேன். எஸ்95 எனக்கு நன்றாகப் பழகிய கேமரா. உங்கள் படங்களை நான் பார்க்கவில்லை, அதனால் நோய் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வீடியோ என் துறை இல்லை, அதைத் தொடாமல் விடுகிறேன்.

முதலில் கெட்டுப்போன படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் திறந்து, முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி கெட்டிருக்காது. படம் முழுக்க, தூண் முதல் திரை வரை, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரர் தெளிவாக இருந்து, மகளின் கையும் பாதமும் மட்டும் கரைந்திருந்தால் அது அவள் அசைந்ததால் வந்தது. ஷட்டர் வேகம் போதவில்லை. திரையின் மடிப்பு பளிச்சென்று இருந்து முகம் மட்டும் மங்கினால் ஃபோகஸ் பின்னால் போய்விட்டது. எதுவும் கரையாமல், முகத்தில் மணல் தூவியது போல இருந்தால் அது நாய்ஸ். இந்த நான்குக்கும் மருந்து வேறு வேறு. கூடவே ஒவ்வொரு படத்தின் விவரப் பக்கத்தில் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண்), லென்ஸ் துளையின் எஃப் எண் (எண் சிறிதானால் துளை பெரிது) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். என் ஊகம், பெரும்பாலானவை இரண்டாவது வகையாக இருக்கும். எஃப் எண் 4.9 என்று காட்டும்.

ஏன் 4.9? இதுதான் விஷயத்தின் முடிச்சு. எஸ்95-ன் லென்ஸை "எஃப் 2 லென்ஸ்" என்றுதான் எல்லோரும் புகழ்வார்கள், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த எஃப் 2 கிடைப்பது ஜூம் செய்யாமல் 28 எம்எம் அகலத்தில் மட்டும். 105 எம்எம் வரை இழுத்தால் துளை 4.9-க்குச் சுருங்கிவிடும். எஃப் எண்ணின் வர்க்கத்தில்தான் வெளிச்சம் குறையும், ஆகவே இது ஆறில் ஒரு பங்கு. நீங்கள் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து முழு ஜூம் போடும்போது கேமரா தன் வெளிச்சத்தில் ஆறில் ஐந்தை இழந்துவிட்டுத்தான் படமெடுக்கிறது. சுமாரான வெளிச்சமுள்ள ஒரு சபா மேடையை வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 800-ல், முழு ஜூமில், ஷட்டர் ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு அளவில் நிற்கும். தட்டி ஆடும் பாதத்தை அந்த வேகத்தில் நிறுத்த முடியாது. கேமராவில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கையாட்டத்தைச் சமாளிக்கும், ஆடுகிறவரின் அசைவை ஒன்றும் செய்யாது. அதே மேடை, அதே ஐஎஸ்ஓ, 28 எம்எம், எஃப் 2 என்றால் வேகம் 1/250-ஐத் தொட்டுவிடும். அது போதும்.

எனவே காசு செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய முதல் காரியம், அமைப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு முன்வரிசை ஓரத்தில் இடம் பிடித்து, ஜூமைத் தொடாமல் எடுப்பது. அப்புறம் எக்ஸ்போஷர் (படத்துக்குள் விடும் வெளிச்சம்) அளவை மைனஸ் 1-ல் வையுங்கள். மேடைக்குப் பின்னால் கருந்திரை. அதைப் பார்த்துக் கேமரா காட்சியே இருட்டு என்று நினைத்து ஷட்டரை நீட்டுகிறது. விளக்கு விழும் முகமோ வெளுத்துப்போகிறது. மைனஸ் 1 வைத்தால் ஷட்டர் இரட்டை வேகமாகும், நகையும் நெற்றிச்சுட்டியும் அதனதன் நிறத்தில் நிற்கும். எஸ்95-ன் முன்வளையத்துக்கு இந்த வேலையைக் கொடுத்துவிட்டால் திரையைப் பார்க்காமலே விரலால் இரண்டு மூன்று கிளிக் திருப்பி முடித்துவிடலாம். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அது சில மீட்டருக்கு மேல் எட்டாது, முன்னால் இருப்பவர்களின் தலையைத்தான் வெள்ளையாக்கும்.

இன்னொன்று நாட்டியத்திலேயே இருக்கிறது. ஜதி ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் பாதிக்குமேல் வீணாகும். தீர்மானம், அதாவது ஜதியை முடித்துவைக்கும் அடவு, முடிந்து கடைசித் தட்டில் ஆடுபவர் ஒரு கணம் அப்படியே நிற்பார். அந்த நேரத்தில் 1/60 கூடப் போதும். தீர்மானம் மூன்றாவது முறை வரும்போதே பட்டனைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேமரா ஃபோகஸ் பிடிக்க எடுக்கும் நேரம்தான் அந்தக் கணத்தைத் தவறவிட வைக்கிறது. உங்கள் மகள் வீட்டில் பயிற்சி செய்வதைப் பார்த்திருப்பீர்கள், எங்கே நிற்பாள் என்று மண்டபத்துக்கு வருகிற எந்தப் போட்டோகிராபரையும்விட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நாய்ஸுக்கு வருகிறேன். எஸ்95 ரா ஃபைல் (கேமரா பதிந்ததைச் செதுக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுக்கும். ஜேபெக் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால் கேமராவில் பாதியைத்தான் பயன்படுத்துகிறீர்கள். 2010-ல் இந்தக் கேமரா வந்தபோது ரா ஃபைலிலிருந்து நாய்ஸை நீக்கினால் முகமும் சேர்ந்து மெழுகாகிவிடும். இன்று அப்படி இல்லை. 2023-ல் லைட்ரூமில் ஏஐ டீநாய்ஸ் வந்தது. அதே மாதிரி வேறு சில மென்பொருள்களும் இருக்கின்றன. பழைய ரா ஃபைலை அதில் ஓட்டினால் ஐஎஸ்ஓ 1600 படம், முன்பு 400-ல் எடுத்தது போல வருவதைப் பார்த்திருக்கிறேன். இது என் கண் மதிப்பீடு, எல்லாப் படத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். கூந்தல், ஜரிகை போன்ற நுண்ணிய இடங்களில் இல்லாததை அது கற்பனை செய்து வைப்பதும் உண்டு. காசு கொடுக்க வேண்டாம் என்றால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம்; அந்த அளவு மாயம் செய்யாவிட்டாலும் கேமராவின் ஜேபெக்கைவிட நன்றாக வரும். ஆனால் ஒன்று, நாய்ஸை எடுக்கலாம், கரைந்த பாதத்தை எதுவும் திருப்பிக் கொண்டுவராது. அதனால் ஐஎஸ்ஓ ஏறினாலும் பரவாயில்லை என்று ஷட்டர் வேகத்தைக் காப்பாற்றுங்கள்.

10 மெகாபிக்சல் போதாதோ என்று கேட்டிருந்தீர்கள். போதும். 3648-க்கு 2736 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 12-க்கு 8 அங்குல ஆல்பப் பக்கம் குறையில்லாமல் அச்சாகும். 4கே டிவியே சுமார் 8 மெகாபிக்சல்தான். இந்தக் காரணத்துக்காக யாரும் கேமரா மாற்ற வேண்டியதில்லை.

ஊதா, நீல எல்இடி விளக்கைக் கொட்டி வைத்திருக்கும் மேடையில் தோல்நிறம் கெடுவதும் கேமராவின் வயதால் அல்ல. அந்த விளக்கில் சிவப்பும் பச்சையுமே இல்லாதபோது எந்த விலைக் கேமராவாலும் முகநிறத்தை உண்டாக்க முடியாது. அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுவதுதான் என் வழக்கம்.

சரி, இவ்வளவும் செய்தாயிற்று, முன்வரிசை கிடைப்பதே இல்லை, கடைசி வரிசையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால்? அப்போது புது கேமரா உண்மையிலேயே உதவும், ஆனால் எல்லாப் புது கேமராவும் அல்ல. எஸ்95-ன் சென்சார் (வெளிச்சத்தைப் பதியும் சில்லு) ஏறக்குறைய 7.5-க்கு 5.6 மில்லிமீட்டர். இன்று "ஒரு அங்குல" சென்சார் என்று விற்கும் பாக்கெட் கேமராக்களில் அது 13.2-க்கு 8.8, பரப்பு இரண்டே முக்கால் மடங்கு. 2014-ல் வந்த கேனன் ஜி7எக்ஸும், அடுத்து 2016, 2019-ல் வந்த மார்க் 2, மார்க் 3-ம் 24 முதல் 100 எம்எம் வரை போகும்; முழு ஜூமிலும் துளை எஃப் 2.8. எஃப் 4.9-ஐவிட இது மூன்று மடங்கு வெளிச்சம். பெரிய சென்சாரையும் சேர்த்தால் முழு ஜூமில் உங்களுக்குக் கிடைப்பது சுமார் எட்டு மடங்கு. அதே சபா, அதே கடைசி வரிசை: ஐஎஸ்ஓ 1600 வைத்து 1/250-ல் எடுக்கலாம், உங்கள் எஸ்95-ன் ஐஎஸ்ஓ 800-ஐவிட நாய்ஸும் குறைவாக இருக்கும். இது கணக்கு, இதில் சந்தேகமில்லை.

இதே கணக்கைச் சோனியின் முதல் ஆர்எக்ஸ்100-க்குப் போட்டுப் பாருங்கள். 2012-ல் அது வந்தபோது பெரிய பரபரப்பு, சென்சார் அதே ஒரு அங்குலம். ஆனால் 100 எம்எம்மில் அதன் துளையும் 4.9-தான். உங்கள் தேவைக்குச் சென்சார் தரும் லாபம் மட்டுமே மிஞ்சும். ஆர்எக்ஸ்100 மார்க் 3-ல் எஃப் 2.8 கிடைக்கிறது, ஆனால் 70 எம்எம்மோடு நின்றுவிடும். மார்க் 7, 200 எம்எம் வரை எட்டும், அங்கே துளை எஃப் 4.5. ரிக்கோ ஜிஆர் 3-ம் ஃபியூஜி எக்ஸ்100-6-ம் மிக அருமையான கேமராக்கள், நானே விரும்பி எடுப்பவை. ஆனால் ஜூம் இல்லாத 28, 35 எம்எம் லென்ஸை வைத்துக் கடைசி வரிசையிலிருந்து எடுத்தால் உங்கள் மகள் விரல்நுனி அளவுதான் தெரிவாள். 2025-ல் வந்த கேனன் வி1-ஐத்தான் கடைக்காரர் காட்டியிருப்பார். சென்சார் இன்னும் பெரிது, ஆனால் லென்ஸ் 16 முதல் 50 எம்எம் வரைதான். பேசிக்கொண்டே தன்னைத்தானே வீடியோ எடுப்பவர்களுக்கான அமைப்பு அது. கடைசி வரிசை அப்பாவுக்கு ஆகாது.

பாக்கெட்டில் அடங்க வேண்டும் என்ற பிடிவாதம் நிகழ்ச்சிக்கு மட்டும் இல்லையென்றால், இதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய கேனன் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா), அதில் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். சென்சார் உங்களுடையதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு, துளை அதைவிடப் பெரிது, பார்வைக்கோணம் 80 எம்எம் லென்ஸ் போல. மேடைப் படத்துக்கு எந்தப் பாக்கெட் கேமராவும் இதன் அருகில் வர முடியாது. வருஷத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சிதான் என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

போன் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி சரி. பகலில், வீட்டுக்குள், அசையாத முகம் என்றால் நல்ல போன் எஸ்95-ஐத் தாண்டிவிடும். பல படங்களை நொடிக்குள் எடுத்து ஒன்றாக அடுக்கும் வித்தை அதற்குத் தெரியும். ஆனால் அடுக்குவதற்கு ஆள் அசையாமல் இருக்க வேண்டும். தூரத்து மேடைக்குப் போனின் டெலி லென்ஸ் தேவை, அதன் சென்சார் பெரும்பாலும் மெயின் கேமராவைவிடச் சின்னது. எந்தப் போன் என்பதைப் பொறுத்து இது நிறைய மாறும், அதனால் பொதுத்தீர்ப்பு சொல்லத் தயங்குகிறேன். இருக்கிற போனிலேயே அடுத்த ஒத்திகையில் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் மனசு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருவோம். "இதன் நிறம் வேறு எதிலும் வருவதில்லை, சிசிடி சென்சார் என்பதால் என்கிறார்களே" என்று எழுதியிருந்தீர்கள். சிசிடி என்பது பழைய வகைச் சென்சார். நிச்சயமாகத் தெரிந்தது: சென்சார் வெளிச்சத்தின் அளவை மட்டுமே பதிவு செய்கிறது. நிறம், அதன் மேலிருக்கும் வடிகட்டியிலும் கேமராவுக்குள் நடக்கும் கணக்கிலும் பிறக்கிறது. சிசிடி என்பதாலேயே நிறம் அழகாகும் என்று சொல்ல இயற்பியலில் காரணம் இல்லை. ஆனால் உங்கள் கண் பொய் சொல்லவில்லை. எஸ்95-ன் ஜேபெக் நிறங்களைக் கொஞ்சம் ஆழமாக வைக்கும், இன்றைய போன் மாதிரி நிழலை எல்லாம் தூக்கி வெளுக்க வைக்காது. சின்ன சென்சார் என்பதால் முன்னால் நிற்பவரும் பின்னால் இருக்கும் கோபுரமும் சேர்ந்தே ஃபோகஸில் இருக்கும். ஒரு அங்குல சென்சாருக்குப் போனால் இது குறையும். குடும்பப் படத்தில் இரண்டாவது வரிசை இலேசாக மங்கினால் அது பழுது அல்ல, அதன் இயல்பு. துளையைச் சுருக்க வேண்டியிருக்கும். எடையும் அப்படித்தான். எஸ்95, 200 கிராமுக்கும் சற்றுக் குறைவு. ஜி7எக்ஸ் மார்க் 3, 300 கிராமைத் தாண்டும். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போகிற பழக்கம் அந்த 100 கிராமில் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

இது இன்னும் எத்தனை வருஷம் ஓடும்? யாராலும் சொல்ல முடியாது, ஆனால் எங்கே போகும் என்று சொல்லலாம். சென்சாரும் எலெக்ட்ரானிக்ஸும் சுலபத்தில் போகாது. போவது லென்ஸை வெளியே தள்ளும் மோட்டாரும் பற்சக்கரமும், அதற்குள் மடங்கி மடங்கி நீளும் ரிப்பன் கேபிளும். நீங்கள் கடலோரம் இருப்பதால் மணல் முதல் எதிரி. ஆன் செய்யும்போது ஒரே சீரான "விர்" சத்தத்தில் லென்ஸ் வந்தால் நல்லது. நடுவில் கரகரத்தால் அதைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல் உடனே காட்டிவிடுங்கள். லென்ஸை மூடும் இரண்டு மெல்லிய தகடுகள் பாதியில் நின்றால் விரலால் தள்ள வேண்டாம், அமுக்கினால் காற்று ஊதும் ரப்பர் பல்பால் ஓரத்து மணலை ஊதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். லென்ஸ் முழுதாகப் போய்விட்டால் புது உதிரிபாகத்தை எதிர்பார்க்காதீர்கள். எங்களைப் போன்றவர்கள் இறந்துபோன இன்னொரு எஸ்95-லிருந்துதான் எடுத்துப் போடுகிறோம். தேதி அழிந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்குப் பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு சின்ன ரீசார்ஜ் செல் இருக்கிறது, சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு ஒரு நாள் அப்படியே விட்டால் நிரம்பிவிடும். உப்பிய பழைய பேட்டரியை மட்டும் இனி உள்ளே போடாதீர்கள். உப்பினால் அறைக்குள் சிக்கிக்கொள்ளும், ஆபத்தும்கூட. மழைக்காலத்தில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பீரோவுக்குள் துணியோடு வைப்பதுதான் லென்ஸில் பூஞ்சை பிடிக்கச் சுலபமான வழி.

என் முடிவு இது: எஸ்95-ஐ விற்காதீர்கள். அடுத்த ஒரு நிகழ்ச்சியை முன்வரிசை, மைனஸ் 1, ரா என்று அதிலேயே எடுங்கள். அதற்கும் பிறகு பாதங்கள் கரைந்தே வந்தால், கடைசி வரிசைதான் விதி என்றால், ஜி7எக்ஸ் மார்க் 2 ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பாருங்கள். மார்க் 3-க்குச் சமூக ஊடகத்தில் கிளம்பிய மோகத்தால் பல இடங்களில் விலை அதன் தகுதிக்கு மேல் ஏறிக்கிடக்கிறது. உங்கள் வேலைக்குத் தேவையான லென்ஸ் இரண்டிலும் ஒன்றுதான். வாங்கும்போது நேரில் போய், போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி நூல் தெரிந்தால் பூஞ்சை. துளையை எஃப் 8-க்கும் மேல் சுருக்கி வெறும் வானத்தை ஒரு படம் எடுத்தால் சென்சார் தூசு கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். பலமுறை ஆன், ஆஃப் செய்து சத்தத்தைக் கேளுங்கள், ஜூமைக் கடைசி வரை இழுத்து நான்கு மூலையும் ஒரே தெளிவில் வருகிறதா பாருங்கள். கீழே விழுந்த கேமராவில் ஒரு மூலை மட்டும் மங்கியிருக்கும். புதுசாக வாங்கினால் இந்திய வாரண்டி உள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

அதற்குள் அந்த நிகழ்ச்சிப் படங்களின் ஷட்டர், ஐஎஸ்ஓ, எஃப் எண்ணைக் குறித்து அனுப்புங்கள். கரைந்தது எந்த வகை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.